நம்ம வக்கீலின் பல்

எங்கள் குடியிருப்புக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் கவனிப்பது கதவுகளைத்தான். எல்லா வீட்டுக் கதவும் முகத்துக்கு நேரான உயரத்தில் ஓரம் தேய்ந்து, அலை அலையாக வெட்டுப்பட்டு, கரையான் அரித்ததோ என்று பார்த்தால் கரையானின் மண்ணும் இல்லாமல், உளி வைத்துச் செதுக்கியதோ என்று பார்த்தால் உளியின் ஒழுங்கும் இல்லாமல் இருக்கும். மாடிப்படிக் கைப்பிடியும் அப்படித்தான் இருக்கும், குடியிருப்போர் சங்க அறையில் போட்டிருக்கும் மேசையும் அப்படித்தான். கேட்டால் யாரும் ஒளிக்க மாட்டார்கள். மழை பெய்தது என்று சொல்வதுபோல, "பல்லு வச்சது" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கும்போது மேல் வரிசையில் இடதுபக்க முன்பல் ஒன்று மட்டும் மற்ற பற்களைவிட நீளமாக, வெள்ளையாக, லேசாக உள்பக்கம் வளைந்து பளிச்சென்று தெரியும். அந்தப் பல் யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்வதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கோ அந்தப் பல் இல்லை.

அது வக்கீலுடைய பல். வக்கீல் என்பது எங்கள் வீட்டு முயல்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவன். பெயர் நல்லபெருமாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அச்சகத்துக்கு வந்த புகைப்படக்காரர் ஒருவர், புது மாப்பிள்ளை பெண்ணைத் தோட்டத்தில் உட்காரவைத்து மடியில் முயலோடு படம் எடுப்பது இப்போது வழக்கம் என்று சொல்லி, கையிலிருந்த கூடையை என் மேசைக்கடியில் வைத்து, "இந்தா வந்துருதேன் அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கிடுங்க" என்று போனவர்தான், திரும்பி வரவே இல்லை. கடை சாத்தும் நேரத்தில் கூடைக்குள் இருந்தது மூக்கை நீட்டி என்னைப் பார்த்தது. எவனோ ஒருவன் நம்பி விட்டுப் போயிருக்கிறான், அல்லது நம்பவைத்து விட்டுப் போயிருக்கிறான். இரண்டில் எது என்று தெரியாமலேயே நான் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

என் மனைவி ஆவுடை கதவைத் திறந்து கூடைக்குள் பார்த்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பட்டை, ஒரு நொடிகூட ஓயாமல் அசைகிற வாய்.

"இது என்னது, கோர்ட்டுக்குப் போற மாதிரி உடுத்திட்டு வந்துருக்கு?" என்று கேட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். சின்ன வயதில் அடிபம்பின் கைப்பிடி துள்ளி வாயில் அடித்து முன்பல் போய்விட்டது. எங்கள் கல்யாணப் படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். அவள் சிரிப்பை நான் கண்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன், வாயில் பார்த்ததில்லை.

அன்று முதல் அதற்கு வக்கீல் என்று பெயரானது. பெயர் வைத்த மறுநாளிலிருந்து அது எங்கள் வீட்டில் மட்டும் இருக்கவில்லை. கீழ்த்தளத்து வராந்தா முழுக்கச் சுற்றும். யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் நுழையும். கீரை ஆய்கிற பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து வாயை அசைக்கும். சங்கக் கூட்டம் நடந்தால் மேசைக்கடியில் படுத்துக்கொள்ளும். "நம்ம வக்கீலக் கேட்டுச் சொல்லுதேன்" என்பது குடியிருப்பில் ஒரு பேச்சாகவே ஆனது. தண்ணீர் மோட்டார் பற்றிய சண்டையில் சங்கச் செயலாளர் ஆனையப்பன் வக்கீலைத் தூக்கி மேசைமேல் வைத்து, "நம்ம வக்கீலு என்ன சொல்லுதாருன்னா..." என்று தொடங்கினால் கத்திக்கொண்டிருப்பவனும் சிரித்துவிடுவான். எதிர்வீட்டு தேவசகாயம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் நெடுநாளைய நண்பர். அவர் காலையில் நடந்துவிட்டு வரும்போது கேரட்டோடு வருவார். மேல்மாடி ஜெசிந்தா டீச்சர் அதற்கென்றே தொட்டியில் கொத்தமல்லி வளர்த்தார். எல்லோருக்கும் அது நம்ம வக்கீல். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் இதமாக இருக்கும். பிள்ளை இல்லாத வீட்டுக்காரனுக்கு ஊரே ஒன்றை நம்ம என்று சொல்லும்போது அப்படித்தான் இருக்கும்.

கிருஷ்ண ஜெயந்தி அன்று யாரோ அதற்குச் சீடை கொடுத்துவிட்டார்கள்.

யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சாயங்காலம் அது எங்கள் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. வாய் அசையவில்லை. முன்னால் தரையில் பாதி கடித்த சீடை ஒன்றும், அதன் பக்கத்தில் ரத்தம் ஒட்டிய வெள்ளைப் பல் ஒன்றும் கிடந்தன. எல்லோரும் கூடிவிட்டார்கள். எல்லோர் வீட்டிலும் அன்று சீடை இருந்தது. ஜெசிந்தா டீச்சர் வீட்டில்கூட, ஆவுடை கொடுத்தனுப்பியது இருந்தது. "யாரு குடுத்தா?" என்று நான் கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள்.

"சீடையப் பாத்தா ஆனையப்பன் வீட்டுச் சீடை மாதிரி இருக்கு. அத வச்சுத் துப்பாக்கிக் குண்டே செய்யலாம்" என்றார் தேவசகாயம்.

"ஏன்வே, உம்ம வாயில ஒரு பல்லும் சொந்தப் பல்லு கிடையாது. நீரு சீடையப் பத்திப் பேசுதீரு" என்றார் ஆனையப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

கால்நடை மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர் வக்கீலின் உதட்டை விரித்துப் பார்த்தார். "வேரோட வந்துருச்சு சார். இனி முளைக்காது. முயலுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளரும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ண ஒண்ணு தேய்க்கிறதாலதான் அளவா நிக்குது. இப்ப இந்தக் கீழ்ப் பல்லுக்கு எதிர் இல்ல. எதிர் இல்லாத பல்லு நிக்காது, வளைஞ்சு மேல ஏறும். வாய மூட முடியாது, தின்ன முடியாது. வாராவாரம் வெட்டிவிடணும். ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் வெட்டணும். வெட்டி வெட்டி ஒருநாள் அந்தப் பல்லும் பிளக்கும். பாத்துக்குங்க" என்றார்.

ஆவுடைக்கு அந்த வைத்தியத்தில் மனம் நிறையவில்லை. "அவரு மாட்டு டாக்டரு" என்று சொல்லிவிட்டு, விழுந்த பல்லை உள்ளங்கையில் பொத்தி எடுத்துக்கொண்டாள். பால்பல் விழுந்த பிள்ளைகளுக்குச் செய்வதையே வக்கீலுக்கும் செய்வது என்று முடிவானது. விழுந்த பல்லை வானம் பார்க்கக் கூடாது. சாண உருண்டைக்குள் வைத்து, கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப் பல் கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்பு முழுக்க மொட்டைமாடி. கூரை என்று இருப்பது சைக்கிள் கொட்டகையின் சிமெண்ட் ஓடு ஒன்றுதான். மறுநாள் காலை எல்லோரும் அங்கே கூடினார்கள். பால்காரர் சாணம் கொண்டுவந்தார். வக்கீல் என் கையில் இருந்தது.

ஆவுடை ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, மறு கையில் சாண உருண்டையை ஓங்கி, "அணிலே அணிலே, என் பல்ல..." என்று தொடங்கி நிறுத்தினாள். அவள் பல் இல்லையே. "வக்கீல் பல்ல..." என்றாள். பாட்டு இடறியது.

பின்னாலிருந்து தேவசகாயம், "நம்ம பல்லன்னு சொல்லு தங்கச்சி, நம்ம வக்கீலுதானே!" என்று கத்தினார்.

"அணிலே அணிலே, நம்ம பல்ல எடுத்துக்கோ, உன் பல்லக் குடு!" என்று ஆவுடை எறிந்தாள். கூடியிருந்த எல்லோரும் பிள்ளைகளைப்போலச் சேர்ந்து கத்தினார்கள். நானும்தான். வேப்பமரத்தில் இருந்த அணில் ஒன்று வாலை உதறிவிட்டு ஓடியது. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் விடிந்ததும் தேவசகாயம் எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய பல்செட் அவர் கையில் இருந்தது.

"வே நல்லபெருமாளு, செட்டு வாயில நிக்க மாட்டங்குது. வெளிய தள்ளுது. உள்ள எவனோ குடிவந்துட்டான்வே."

வாயைத் திறந்து காட்டினார். வெறும் ஈறில், மேல் வரிசை இடதுபக்கத்தில், உளிபோல ஒரு பல் நின்றது. நான் நாக்கால் என் பல்லைத் தடவினேன். அது என் பல் இல்லை. உள்ளே சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஆவுடை எவர்சில்வர் தட்டைக் கண்ணாடியாகப் பிடித்து முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் கை முந்தானையைத் தேடிப் போய், பாதிவழியில் நின்றுவிட்டது.

கொட்டகையில் கத்திய எல்லோருக்கும் அந்தப் பல் வந்திருந்தது. இல்லாதவர்களுக்கு முளைத்தது; இருந்தவர்களுக்குப் பழைய பல் இருந்த இடத்தில் நின்றது. வக்கீலுக்கு மட்டும் வரவில்லை. அதன் ஈறு வெறும் ஈறாகவே இருந்தது.

இதில் யாரும் பெரிதாகப் பயந்ததாக எனக்கு நினைவில்லை. பல் நிற்காமல் வளர்கிறது என்பது ஓரிரு நாளில் தெரிந்தது. வளர்கிற பல்லைத் தேய்க்க வேண்டும் என்பது தானாகவே வாய்க்குத் தெரிந்தது. முதலில் கதவோரத்தைக் கடித்தார்கள். பிறகு பால்காரரே பாலோடு சேர்த்து வேப்பங்குச்சிக் கட்டும் கொண்டுவந்து போட்டார். தச்சுப் பட்டறையிலிருந்து கழிவுக் கட்டைகள் வந்தன. தேக்கு மெதுவாகத் தேயும், மா சீக்கிரம் தேயும், பூவரசு வாய்க்கு மணமாக இருக்கும் என்றெல்லாம் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். சாயங்காலத் தொடர் ஓடும் நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் கறக் கறக் என்ற சத்தம் ஒரே சீராக எழும். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் மில் ஓடுகிறதா என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பியோடு ஒரு துண்டு பூவரசும் தட்டில் வைக்கிற வழக்கம் வந்தது. பின்னால் வந்த பொங்கலுக்குக் கரும்பைச் சீவ யாரும் அரிவாள் தேடவில்லை. அன்று ஊரில் இல்லாததால் கொட்டகைக்கு வராமல்போன ஒருவர், மனம் கேட்காமல், வீட்டுச் சீப்பில் ஒரு பல்லை ஒடித்துச் சாணத்தில் வைத்து எறிந்து பார்த்தார். அதற்கு எதுவும் முளைக்கவில்லை. சீப்பை ஒடித்ததற்காக அவர் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தேவசகாயத்துக்கு விசில் திரும்பி வந்தது. சொந்தப் பல் போனதிலிருந்து விசில் அடிக்க முடியாமல் இருந்தவர், இப்போது நாற்சந்தியில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால், அவருக்குச் சம்பந்தமே இல்லாத பஸ்களெல்லாம் நின்றன. ஜெசிந்தா டீச்சருக்குத் துருத்திக்கொண்டிருந்த எத்துப்பல் போய் நேர்ப்பல் வந்தது. அவர் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக்கு வந்தார். ஆனையப்பன் கூட்டத்தில் பேசும்போது கடைசி வரிசைக்கும் எச்சில் தெறிக்காமல் சத்தம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் அச்சகத்திலிருந்து வரும்போது வராந்தாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மணி உருள்வது மாதிரி, அடக்கமே இல்லாத சிரிப்பு. யார் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். அது என் மனைவி. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளின் சிரிப்பை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நம்ம வக்கீலு குடுத்த பல்லு" என்று எல்லோரும் சொன்னார்கள். நன்றியில் குறை வைக்கவில்லை. கேரட்டும் கோஸும் அகத்தியும் எங்கள் வாசலில் குவிந்தன. வக்கீல் அவற்றின் முன்னால் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்கும். கீழ்ப் பல் உதட்டைத் தாண்டி வெளியே வந்து, மேல்நோக்கி வளைந்திருக்கும். வாரம் ஒருமுறை அதை வெட்ட வேண்டும். துண்டில் சுற்றி, ஒருவர் தலையையும் இன்னொருவர் பின்னங்காலையும் பிடிக்க வேண்டும். பயத்தில் அதன் நெஞ்சு அடிப்பது துண்டுக்கு வெளியே கைக்குத் தெரியும். தொடக்கத்தில் பிடிப்பதற்குப் போட்டியே இருந்தது. பிறகு தேவசகாயத்துக்கு அந்த நேரம் நடைக்குப் போகும் நேரமானது. ஜெசிந்தா டீச்சருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்று தெரியவந்தது. ஆனையப்பன், "எனக்குக் கை நடுங்கும் அண்ணாச்சி, பாவம், வாயில்லாச் சீவன்" என்றார். ஆவுடை மட்டும் பிடித்தாள். ஒருநாள் வெட்டும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாத்துப் பிடி" என்றேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள், பார்க்காமலேயே.

குளிர் தொடங்கிய சமயத்தில் டாக்டர் சொன்னது நடந்தது. வெட்டும்போது கீழ்ப் பல் நெடுகப் பிளந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இனி வெட்டினா வேர் வரைக்கும் போகும். மேல அந்த ஒரு பல்லு மட்டும் இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

நான் அச்சகத்தில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகை திருத்தத்துக்கு வந்தது. 'நமது இல்லத் திருமண விழா' என்று எழுதியிருந்தார்கள். இதை நான் எப்போதும் 'எங்கள்' என்று மாற்றுவேன். எங்கள் என்றால் படிக்கிறவன் வெளியே நிற்கிறான். வந்து வாழ்த்திவிட்டுப் போவான். நமது என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். கல்யாணம் அவனுடையதும் ஆகிவிடுகிறது. பேனா அந்தச் சொல்லின்மேல் நின்றுவிட்டது. நம்ம பல்ல எடுத்துக்கோ. அணில் ஒரு பிழையும் செய்யவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தது. நாங்கள்தான் ஒரு முயலின் பல்லை நம்ம பல் ஆக்கி, ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டோம். பிரித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பல்லும் திரும்பும்.

ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வக்கீலைத் துண்டில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தேன். பழைய மாதிரி வாயை அசைக்க முயன்றது, முடியவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் கட்டையைக் கடிக்கவில்லை. ஆனையப்பன்தான் எழுந்தார். "அண்ணாச்சி, இதுக்கு நீங்க கேக்கணுமா? பல்லு இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். நம்ம வக்கீலுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறோம்?"

"நான் பல்செட்டைத் தூரப் போடலவே. டம்ளர்ல தண்ணி ஊத்திப் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்றார் தேவசகாயம். எல்லோரும் சிரித்தார்கள்.

"வெள்ளிக்கிழமை காலைல வச்சுக்கலாம் சார், நான் வந்துருதேன்" என்றார் ஜெசிந்தா டீச்சர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கை தட்டினார்கள். நான் எல்லோரையும் கும்பிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து ஆவுடையிடம், "உனக்கு வருத்தம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன வருத்தம்? இருந்த மாதிரிதானே இருக்கப்போறேன்" என்றாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அன்று ரொம்ப நேரம் வாரினாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட வராமல் இல்லை. பல பேர் குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "அணிலே அணிலே, இது நம்ம பல்லு இல்ல, வக்கீல் பல்லு, வக்கீலுக்கே குடு." ஆனையப்பன் கையை உயர்த்தினார். நான் வக்கீலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உரக்கச் சொன்னேன்.

பாதியில்தான் தெரிந்தது. என் குரல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தேன். எல்லோர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. ஆனையப்பன் வாய், டீச்சர் வாய், தேவசகாயத்தின் வாய். மேலும் கீழும், பக்கவாட்டிலும், வேகமாக, ஓயாமல், ஒரு சத்தமும் இல்லாமல், வக்கீல் நன்றாக இருந்த காலத்தில் அசைத்ததைப்போலவே அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் மற்றவர்கள் சொல்வார்கள், தன் குரல் ஒன்று குறைந்தால் தெரியாது என்று நினைத்திருக்கலாம். அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று நம்ப இப்போதும் முயல்கிறேன். எனக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, ஆவுடை நின்றிருந்தாள். அவள் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

நான் வரியை முடித்தேன். வேப்பமரத்தில் அணில் கீச்சிட்டது. என் வாய்க்குள் ஏதோ கழன்று நாக்கில் விழுந்தது. துப்பினேன். எனக்கு வந்த அந்தப் பல். வக்கீலின் உதட்டை விரித்துப் பார்த்தேன். ஈறில் எள்ளளவு வெள்ளை தெரிந்தது. ஓர் ஆளுடைய பங்கு அவ்வளவுதான்.

"வந்துருச்சா?" என்று ஆனையப்பன் எட்டிப் பார்த்தார். "நாங்க எல்லாரும் சொன்னோமே. சரி, உங்க முயலுக்கு மெதுவா முளைக்குமோ என்னவோ அண்ணாச்சி."

உங்க முயல். முதல்முறையாக அதைக் கேட்டேன்.

படியில் தேவசகாயத்தை நிறுத்தினேன். "நீரு சொன்னீராவே?"

"சொன்னேனே."

"சத்தம் வரலையே."

"அத்தனை பேரு சொல்லுதப்ப என் சத்தம் ஒமக்கு எப்படித் தனியாக் கேக்கும்?"

"அத்தனை பேரு சத்தமும் கேக்கலவே."

அவர் என் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தார். பஸ் வந்துகொண்டிருந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டார். எங்கே போனார் என்று தெரியாது. அவருக்குப் போக ஓர் இடமும் கிடையாது.

ஆவுடையிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்த பல் போன இடத்தில் வந்த பல்லைத் திருப்பிக் கொடுக்க எனக்குச் சுலபமாக இருந்தது. ஒருநாளும் எதற்கும் முந்தானையைத் தேடாத வாய் என்னுடையது. அவளைப்போல முப்பது வருடம் உதட்டை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் அந்த வரியை உரக்கச் சொல்லியிருப்பேனா? தெரியாது. ஆனால் அன்று காலையில் என் தோளில் இடித்துக்கொண்டு நின்ற அந்தத் தோளின் சூட்டையும், அதற்கு மேலே சத்தமில்லாமல் அசைந்த வாயையும் என்னால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. கேட்டால் அவளும் "சொன்னேனே" என்பாள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பல் போனதும் என் பேச்சு மாறியது. நாக்கு மேலே போய் முட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. சொல்லுக்கு முன்னால் நிற்கிற 'த' என்ற தகரமும் 'ந' என்ற நகரமும் காற்றாகப் போய்விட்டன. தண்ணி கேட்டால் அண்ணி என்று வந்தது. ஆவுடை முதல்முறை யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. நான் அண்ணி என்றால் செம்பை நீட்டுவாள். அதிகம் பேசாமல் இருந்துகொண்டேன். வக்கீலுக்குக் கேரட்டைத் துருவி, விரலில் தொட்டு, வாயின் ஓரத்தில் தடவினேன். எள்ளளவுப் பல் எள்ளளவாகவே இருந்தது. கீழ்ப் பல்லின் ஒரு பாதி மூக்கைத் தொட்டது.

மார்கழி கழிவதற்குள் ஒரு மத்தியானம், எங்கள் ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் படுத்திருந்த வக்கீல் எழுந்திருக்கவில்லை. எல்லா வீட்டிலும் கறக் கறக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அது பசியால்தான் போனது. அதைச் சுற்றி அத்தனை கேரட் இருந்தது.

துண்டில் சுற்றிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனேன். நான் குழி தோண்டுவதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் முகத்திலும் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் புரியாதது. நடிப்பாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

"உங்க முயல் நல்ல முயல் சார்" என்றார் ஜெசிந்தா டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒம்ம மொசலுக்கு ஆயுசு அவ்வளவுதான்வே" என்றார் தேவசகாயம்.

ஆனையப்பன் என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாக, "அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. உங்க முயல இங்கன புதைக்கலாமான்னு சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும். இது பொது இடம்லா" என்றார்.

நான் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தேன். இத்தனை நாள் பேசாததையெல்லாம் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. நம்ம முயல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலே போய் ஒன்றும் இல்லாத இடத்தில் தடவியது.

"அம்ம..." என்று வந்தது.

மறுபடியும் சொன்னேன். "அம்ம... அம்ம..."

"அய்யோ, அம்மாவக் கூப்பிட்டுல்லா அழுதாவ" என்றார் டீச்சர். தேவசகாயம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அழாதீரும்வே. ஒரு மொசலுக்குப் போயி இப்படி அழலாமா?" எல்லோரும் என்னைச் சுற்றி வந்து, நல்ல வெள்ளைப் பற்கள் தெரிய, ஆறுதல் சொன்னார்கள். உங்க, உங்க, உங்க என்று எல்லாப் பக்கமும் கேட்டது. அந்தச் சொல்லைச் சொல்லப் பல்லே வேண்டியதில்லை. நான் அழவில்லை. ஆனால் நான் அழவில்லை என்று சொல்வதற்கும் அந்த நகரம் வேண்டும்.

கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஆவுடை மட்டும் தனியாக நின்றாள். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அண்ணி என்றால் தண்ணீர் கொடுக்கத் தெரிந்தவள். அம்ம என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைப் பார்த்தாள். குழிக்குள் இருந்த துண்டைப் பார்த்தாள். ரொம்ப நாளாகத் தேவைப்படாமல் தோளிலேயே கிடந்த முந்தானையை இழுத்து, மெதுவாக, வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சீலைக்குப் பின்னால் அவள் உதடு அசைவது தெரிந்தது. நல்ல பல் இருக்கிற வாய் அது. அவளால் நம்ம என்ற சொல்லைச் சொல்ல முடியும். நான் மண்ணைத் தள்ளாமல், சத்தம் வருகிறதா என்று கேட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.